சொல்தா சுப்பராயலு தேர்ந்தெடுத்த மலை

தனக்குத் தெரிந்த வேலை இன்னதென்று செலியமேட்டுக்காரர்களுக்குப் புரியவைக்க சுப்பராயலுவால் ஒன்பது வருஷமாக முடியவில்லை. பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை என்று அவர் சொன்னால், கேட்டவர்கள் மார்கழி மாதத்துப் பனியை நினைத்துக்கொண்டார்கள்.

"பனியில இன்னாபா சறுக்கறது? காலைல வரப்புல புல்லு வழுக்கும். அதுக்கு ஒரு வாத்தியாரு, அவருக்கு ஒரு சம்பளமா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டபோது, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர். விளக்கிச் சொல்லவும் அங்கே வழியில்லை. ஊர்ப் பெயரில்தான் மேடு இருந்தது. பாகூர் ஏரிக்கரையை விட்டால் ஏறி இறங்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றும் கிடையாது.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கடைசி நாட்களில், 1953இல், பத்தொன்பது வயதில் அவர் அந்தப் பட்டாளத்தில் சேர்ந்தவர். சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நாற்று நடவு நேரத்தில் அப்பாவோடு ஒரு வாய்ச்சண்டை. அல்ஜீரியாவில் நாலு வருஷம் புழுதி தின்றார். அதன்பிறகு, யாரோ ஒரு குமாஸ்தா பட்டியலில் வரி மாற்றி எழுதியதால், ஆல்ப்ஸ் மலையில் இருந்த ஒரு படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். கால்களில் இரண்டு நீளக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியில் வழுக்கிப் போகிற பிரிவு அது. முதல் நாள் நாற்பது தடவை விழுந்தார். இரண்டாவது குளிர்காலத்தில் அந்த மலையிலேயே பிறந்தவர்களுக்கு ஈடாக இறங்கினார்.

எப்படி வந்தது என்று கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஏழு வயதிலிருந்து தலையில் நாற்றுக்கட்டோடு ஈர வரப்பில் நடந்தவனுக்கு உடம்பின் பாரத்தை உள்ளங்காலில் எங்கே வைப்பது என்று தெரியும் என்பார். கேப்டன் அவரையே புதிதாக வருகிற பையன்களுக்கு ஆசிரியராகப் போட்டார். ஏழு குளிர்காலம் கற்றுக்கொடுத்தார். 1968இல் சார்ஜாந்த் பதவியில் ஓய்வு பெற்று, மனைவி ஆதிலட்சுமியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

வந்தபின் செய்ய ஒன்றுமில்லை. நிலத்தைத் தம்பி கண்ணையன் பார்த்துக்கொண்டான். மாதம் பிறந்தால் பிரெஞ்சு பென்ஷன். வீட்டுக்குச் 'சொல்தா வூடு' என்று பெயர் வந்தது. பட்டாளத்துக்காரர் வீடு என்று அர்த்தம்; மரியாதையான பெயர்தான். ஆனால் அந்த வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது அவருக்குத் தண்டனையாக இருந்தது.

1977 செப்டம்பரில் மார்செல்லிடமிருந்து கடிதம் வந்தது. மார்செல் அவரோடு ஒரே பிரிவில் இருந்தவர். ஓய்வுக்குப் பின் கிரெனோபிள் நகரத்தில் குடியிருந்தார். மூன்று பனிச்சறுக்கு ஊர்களில் அந்தக் குளிர்காலத்துக்கு ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள் என்று எழுதி, மூன்றின் விளம்பரப் புத்தகங்களையும் உறையில் வைத்திருந்தார். 'உனக்கு நாற்பத்து மூன்று வயது. நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் புதிதாக யாரையும் எடுப்பதில்லை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு. விடுமுறைக்குப் போகிறவன் அழகைப் பார்ப்பான்; வேலைக்குப் போகிறவன் உயரத்தையும் திசையையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?'

சுப்பராயலு மூன்று புத்தகங்களையும் கட்டில்மேல் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆதிலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, மூணும் ஒரே வெள்ளையா இருக்குது?"

"ஒண்ணு இல்லடி, மூணும் வேற வேற. இது மோன்கிளேர். ரெண்டாயிரத்து நூறு மீட்டர் ஒசரம். ஏப்ரல் வரைக்கும் பனி நிக்கும். பெரிய எடம். இது லே சப்பேன். நடுத்தரம். ஓட்டல் இருக்குது, தங்க ரூம் குடுப்பாங்க. இது கொம்ப்ரூஸ். ஆயிரத்து நூறு மீட்டர். இருபது வூடு, ஒரு சர்ச்சு, அவ்ளோதான்."

"எதுல சோறு போடுவாங்க?"

"எதுலயும் சோறு கெடையாது. ரொட்டியும் உருளக்கெழங்கும்தான்."

"எப்ப போயி எப்ப வர்றது?"

"டிசம்பர்ல போனா ஏப்ரல்ல வரலாம்."

அந்த நேரம் பார்த்துக் கண்ணையன் வயலிலிருந்து வந்து நின்றான். "ஏப்ரலா? இன்னாணா சொல்ற? தை மாசம் ஆலையிலேருந்து கரும்பு வெட்ட உத்தரவு வரும். ஆளு புடிக்கணும், வண்டி புடிக்கணும். நான் ஒருத்தனே எப்படி மல்லுக்கட்டறது?"

"ஒம்பது வருசமா நீ ஒருத்தன்தான மல்லுக்கட்டற? நான் வயலாண்ட வந்து நின்னா, 'அண்ணா, நீ போயி நெழல்ல ஒக்காரு'ன்றது யாரு?"

கண்ணையன் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுப் போய்விட்டான். ஆதிலட்சுமி மட்டும் மூன்று புத்தகங்களையும் இன்னொரு தரம் புரட்டிவிட்டு, "நீங்க போவணும்னா போங்க. ஆனா நல்ல எடமா பாத்துப் போங்க" என்றாள்.

அவர் மனசில் முதலிடம் மோன்கிளேருக்குத்தான். ஆனாலும் மூன்று இடத்துக்கும் எழுதினார். பட்டாளத்தில் வாங்கிய ஆசிரியர் சான்றிதழின் நகலையும் வைத்து, பாகூர் தபாலாபீசில் தானே தபால்தலை ஒட்டிப் போட்டார். பிறகு தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்க ஆரம்பித்தார். ஐந்து வாரம் நின்றார்.

முதலில் வந்தது மோன்கிளேர் பதில். ராணுவச் சான்றிதழ் செல்லாதாம். பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தனிப் பரீட்சை எழுதித் தேற வேண்டுமாம். பரீட்சை ஏப்ரல் மாதம். வேலை தொடங்குவது டிசம்பர் மாதம்.

"அந்தப் பரீட்சை நடத்தறவங்கள்ல ஒருத்தனுக்கு நிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்டி!" என்று கத்தினார். வீட்டில் ஆதிலட்சுமியைத் தவிரக் கேட்க ஆளில்லை.

லே சப்பேன்காரர்கள் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நாலு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் அனுபவம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஒரு புகைப்படம் மட்டும் அனுப்பிவைக்கவும். சுப்பராயலு அன்றைக்கே கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறி, புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தார். படம் நன்றாக வந்திருந்தது. நிமிர்ந்த கழுத்து, வாரிவிட்ட மீசை, சட்டைப்பைக்கு மேலே இரண்டு மெடல். அனுப்பிவைத்தார்.

நவம்பர் முதல் வாரத்தில் பதில் வந்தது. தபால்காரருக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் அவரே தபாலாபீசுக்குப் போயிருந்தார். அங்கேயே தாழ்வாரத்தில் நின்று படித்தார். ஆசிரியர் இடங்கள் துரதிர்ஷ்டவசமாக நிரம்பிவிட்டன. ஆனால் எங்கள் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவ ஓர் ஆள் தேவைப்படுகிறது. விருப்பமிருந்தால் உடனே தெரிவிக்கவும்.

இதை அவர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைமேல் போனார், வந்தார். பதில் என்று நாலு தடவை எழுதினார். முதலில் எழுதியது மூன்று பக்கம். கடைசியில் எழுதியது ஒரே வரி. அதையும் போடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது ஆதிலட்சுமி, "அந்த ஓட்டல்காரங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்டபோதுதான் சொன்னார்.

 "படத்துல நல்லாத்தான இருந்தீங்க?" என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் கொம்ப்ரூஸிலிருந்து கடிதம் வந்தது. டைப் அடித்ததல்ல, கையால் எழுதியது. அந்த ஊரின் சறுக்குப் பள்ளியை நடத்துகிற மதாம் லூசி எழுதியிருந்தார். 'உங்கள் கடிதம் படித்துச் சந்தோஷப்பட்டேன். டிசம்பர் பதினைந்துக்குள் வந்துவிடுங்கள். பாலாடைக்கட்டி வைக்கிற அறைக்கு மேலே உங்களுக்கு ஓர் அறை ஒழித்துவைக்கிறேன். கொஞ்சம் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.' புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுப்பராயலு கொம்ப்ரூஸ் விளம்பரப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆயிரத்து நூறு மீட்டர். சரிவின் அடியில் பழமரங்கள். பக்கத்திலேயே பெருமையாக, 'நாள் முழுக்க வெயில்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நாள் முழுக்க வெயில் என்றால் தெற்குப் பார்த்த சரிவு. அவ்வளவு தாழ்வில், தெற்குப் பார்த்த சரிவில் பனி விழுந்தாலும் நிற்காது. அவரிடம் படித்த பையன் எவனாவது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் காதைத் திருகியிருப்பார். வேறு ஊர்கள் உண்டா என்று மார்செல்லிடம் கேட்க இன்னும் நாள் இருந்தது. கேட்கவில்லை. அன்று சாயங்காலமே 'வருகிறேன்' என்று மதாமுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மூன்று தடவை புதுச்சேரிக்கு அலைந்தார். கம்பளிக் கோட்டில் பூச்சி அரித்திருந்தது. ஆதிலட்சுமி நூல் தேடிப் பிடித்துத் தைத்துக்கொடுத்தாள். சென்னையில் ஏறி, பம்பாயில் மாறி, பாரிஸில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக டிசம்பர் பதினாலாம் தேதி மத்தியானம் கொம்ப்ரூஸ் போய்ச் சேர்ந்தார்.

சரிவு முழுக்கக் காய்ந்த புல். புல்லில் ஏழெட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இந்த வருஷம் கொஞ்சம் தாமதம். கிறிஸ்துமஸுக்குள் விழுந்துவிடும்" என்றார் மதாம் லூசி. அறுபது வயதிருக்கும், கணவர் போனபிறகு பள்ளியை ஒற்றையாக இழுத்துக்கொண்டு போகிறவர். சுப்பராயலுவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வினாடி ஓர் ஆச்சரியம் வந்து போனது. அவ்வளவுதான். உடனே சூப் சூடு பண்ணப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. பனி வரவில்லை. கூட இருந்த மூன்று ஆசிரியர்களும் இருபது வயதுப் பையன்கள். கொஞ்ச நாள் சீட்டாடிவிட்டு, மேலே உயரத்தில் இருக்கிற ஊர்களில் வேலை தேடிப் போய்விட்டார்கள். சுப்பராயலு போகவில்லை. வருகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர். வேலி கட்டினார், விறகு பிளந்தார், மாட்டுக்கு வைக்கோல் போட்டார். வைக்கோல் போடும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைக்கோல் போட எட்டாயிரம் கிலோமீட்டர் வர வேண்டுமா? செலியமேட்டில் மாடு இல்லையா?

காலையில் எழுந்ததும் எதிர் மலையைப் பார்ப்பார். அங்கே பாதிக்கு மேல் வெள்ளை, கீழே பழுப்பு. வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் அந்தக் கோடு கொஞ்சம் இறங்கி வரும். மறுநாள் வெயிலில் ஏறிப் போய்விடும். ஜனவரி பாதிவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கோட்டைத்தான்.

பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து ஆதிலட்சுமியின் கடிதம் வந்தது. வெட்டு உத்தரவு வந்துவிட்டது; கண்ணையன் பேசிவைத்திருந்த ஆட்களை வேறு ஊர் மேஸ்திரி கூட்டிக்கொண்டு போய்விட்டான்; கரும்பு பூத்து எடை குறைய ஆரம்பித்துவிட்டது; கண்ணையன் யாரிடமும் பேசுவதில்லை. 'அங்கே பனி எப்படி இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.' அவர் பதில் எழுத உட்கார்ந்தார். பனியைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி விடிந்தபோது சரிவு வெள்ளையாக இருந்தது. முழங்கால் அளவுப் பனி.

அதே வாரம் ஒரு துணி ஆலைத் தொழிலாளர் சங்கம் பதினொரு பேரை விடுமுறைக்கு அனுப்பியிருந்தது. இருந்த ஒரே ஆசிரியர் சுப்பராயலுதான். பதினொரு பேரில் ஒருவர்கூடச் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டியவரில்லை. சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற ஐம்பது வயது அம்மாள் ஒருத்தர், பெயர் கோலெத், பயத்தில் முதல் நாள் வேலியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"காலைப் பார்க்காதீர்கள், மதாம். தலையில் ஒரு பெரிய சுமை இருக்கிறது, கீழே வழுக்குகிற மண் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுமை கீழே விழக்கூடாது. எப்படி நடப்பீர்கள்?"

அந்த அம்மாள் யோசித்தார். முழங்கால் தானாக மடங்கியது, இடுப்பு தானாகத் தாழ்ந்தது. மூன்றாம் நாள் அவர் மேலிருந்து அடிவரை விழாமல் இறங்கி வந்து, சுப்பராயலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கச் சிரித்தார். அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு சுப்பராயலு தனியாக உச்சிக்கு ஏறி, ஒரே மூச்சில் கீழே இறங்கினார். ஒன்பது வருஷம் கழித்தும் உடம்பு ஒரு திருப்பத்தைக்கூட மறக்கவில்லை. இறங்கி நின்றபோது அவர் கண்ணில் நீர் வழிந்தது. குளிர்காற்றில் யாருக்கும் வழியும்.

ஆறாம் நாள் தெற்கிலிருந்து சூடான காற்று அடித்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, நம்மூர் ஐப்பசி மழை மாதிரி. இரண்டு நாளில் புல் தெரிந்தது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மதாம் லூசி பள்ளியை மூடிவிட்டார்.

"உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டேனே" என்றார்.

"நீங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை மதாம். நாள் முழுக்க வெயில் என்று போட்டிருந்தீர்கள். நான் பார்த்துத்தான் வந்தேன்" என்றார் சுப்பராயலு.

ஊர் திரும்புகிற வழியில் கிரெனோபிளில் மார்செல் வீட்டில் ஒரு நாள் தங்கினார். மார்செல் கேட்டுவிட்டார்: "ஆயிரத்து நூறு மீட்டர், தெற்குச் சரிவு. அதையா தேர்ந்தெடுத்தாய்? நீயா?"

"ஆமாம்."

"ஏன்?"

"அவங்கதான் போட்டோ கேக்கல" என்று வாயில் தமிழில்தான் வந்தது. பிறகு பிரெஞ்சில் சொன்னார். மார்செல் எழுந்துபோய் இரண்டு கிளாஸ் எடுத்துவந்தார்.

செலியமேட்டில் கரும்பு வெட்டி முடிந்திருந்தது. கண்ணையனால் ஆகாதபோது ஆதிலட்சுமியே ஆலையின் கரும்பு ஆபீசுக்குப் போய் உத்தரவை நீட்டித்து வாங்கி, ஒதியம்பட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்திருக்கிறாள். கரும்பு காய்ந்து எடை குறைந்துதான் போயிருந்தது. இதையெல்லாம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"பனி வந்துச்சா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆறு நாளு."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "ஆறு நாளா?" என்றாள்.  திட்டியிருந்தால் அவருக்குப் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அவர் கோபத்தில் எதையும் செய்வதில்லை என்று முடிவு பண்ணினார். மார்செல் மூலமாக ஒரே ஓர் இடத்துக்கு எழுதினார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர், வடக்குச் சரிவு, ஏழைப்பிள்ளைகளுக்கான விடுமுறைப் பள்ளி. ராணுவச் சான்றிதழே போதும் என்றார்கள். கண்ணையனுக்கு வெட்டு ஆட்களை முன்கூட்டியே பேசிவைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. வேலை ஒப்பந்தத்தைப் பள்ளிக்காரர்கள் நவம்பர் இருபதாம் தேதி அனுப்பிவிட்டதாக மார்செல் எழுதினார். ஒப்பந்தம் கையில் இல்லாமல் கிளம்ப முடியாது.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதிதான் அது வந்தது. அங்கே விலாசம் எழுதியவர் செலியமேட்டை ஏதோ ஒரு விதமாக எழுதியிருக்கிறார். உறை சேலத்துக்குப் போய், அங்கே நாலு இடத்தில் சுற்றி, முதுகு நிறைய முத்திரை வாங்கிக்கொண்டு பாகூருக்கு வந்திருந்தது. வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் டிசம்பர் பதினைந்து என்று உள்ளே போட்டிருந்தது.

தந்தி கொடுத்தார். இரண்டு நாளில் பதில் தந்தி வந்தது: இடம் வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த வருடம் எழுதவும். அடுத்த வருஷம் அவருக்கு நாற்பத்தைந்து. தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது கண்ணையன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அண்ணா, கரும்பு ஆபீஸ்ல நாளைக்கு வா, நாளைக்கு வான்றானுங்கணா. உத்தரவு இன்னும் போடலியாம்."

சுப்பராயலு செருப்பை மாட்டிக்கொண்டு அவன் சைக்கிளின் பின்னால் ஏறினார். அந்தக் கரும்பு ஆபீசில் அவர் போட்ட சத்தத்தை அங்கிருந்தவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். தேதியைப் பற்றிக் கத்தினார். விலாசத்தைப் பற்றிக் கத்தினார். ஒரு மனுஷனை வரச்சொல்லிவிட்டு இடமில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கத்தினார். பாதி பிரெஞ்சில் இருந்தது. ஆபீசர் ஒன்றும் விளங்காமல் உத்தரவை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது கண்ணையன் மெதுவாகச் சொன்னான்: "அந்தாளு மேல தப்பு ஒண்ணும் இல்லணா. நெசமாவே நாளைக்குக் குடுத்திருப்பான்."

"தெரியும்டா" என்றார் சுப்பராயலு.

அந்தத் தை மாதம் வெட்டு தொடங்கியபோது அவரும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆட்களோடு இறங்கினார். கண்ணையன் நிழலில் உட்காரச் சொல்லவில்லை. அடிக்கட்டையோடு ஒட்டி வெட்ட அவருக்குக் கை வரவில்லை. ஒரு சாண் மேலேயே வெட்டினார். கரும்புச் சோகை முழங்கை முழுக்கக் கிழித்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்டாள் கலியம்மாள், பட்டாளத்துக்காரர்களை ஊரில் கூப்பிடுகிற மரியாதையோடு, "முசியே, நீங்க வெட்ட வாணாம், கட்டு கட்டுங்க" என்றாள். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சோகையை முறுக்கிக் கயிறு திரிக்க அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதல் கட்டு தூக்கும்போதே அவிழ்ந்து கொட்டியது. மறுபடி கட்டினார்.